இன்ஷூரன்ஸ் குமாஸ்தாவின் நலக் கணக்கு

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1950-ல் சமூக நிர்வாகவியலுக்கு என்று முதன்முதலாக ஒரு பேராசிரியரை நியமித்தது. அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரிடம் பி.ஏ. பட்டம்கூடக் கிடையாது. ரிச்சர்ட் டிட்மஸ் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆறு மாதம் கணக்கு எழுதப் படித்தார். ஒரு டெலிபோன் கம்பெனியில் ஆபீஸ் பையனாக இருந்தார். பதினெட்டு வயதில் ஒரு தீக் காப்பீட்டுக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பதினாறு ஆண்டுகள் அங்கேயே பேனா பிடித்தார். உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட், செட், பிஎச்.டி. என்று சான்றிதழ்களை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் நம் ஊர் இளைஞர்களுக்கு இது கட்டுக்கதை போலத்தான் இருக்கும்.

சமூகப் பணியும் சமூக நலக் கொள்கையும் இன்று உலகம் முழுக்கப் பல்கலைக்கழகப் பாடங்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்த யாரையாவது எழுப்பிக் கேட்டால், சமூகக் கொள்கையின் மூன்று மாதிரிகள் என்று தூக்கத்திலேயே ஒப்பிப்பார்கள். அந்த மூன்றையும் வகுத்தவர் இந்தக் குமாஸ்தாதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் அந்தப் பட்டியலைவிட, அதற்குப் பின்னால் இருந்த கேள்விகள் சுவாரசியமானவை. அவற்றில் சில இன்றைக்கு நம் ரேஷன் கடை வாசலிலும் ரத்த வங்கி கவுண்டரிலும் நிற்கின்றன.

டிட்மஸ் 1907-ல் பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு சிறு விவசாயியின் மகனாகப் பிறந்தார். அப்பா 1926-ல் இறந்துபோக, குடும்பத்தின் பாரம் அவர் தலையில் விழுந்தது. தீக் காப்பீடு என்பதே தரம் பிரிக்கும் தொழில். எந்தக் கட்டடம் எரியும், எது எரியாது, யாரிடம் கூடுதல் பிரீமியம் வாங்க வேண்டும், யாரை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் அங்கே அன்றாடப் பேச்சு. பகலில் அந்த வேலை. மாலையில் அரசு வெளியிடும் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி. இதற்கு அவரைத் தூண்டியவர் மனைவி கே மில்லர். லண்டனில் வேலையில்லாதவர்களிடையே சமூகப் பணி செய்துகொண்டிருந்தவர். 1937-ல் திருமணம், 1938-ல் டிட்மஸின் முதல் புத்தகம். இங்கிலாந்தின் வடக்கிலும் வேல்ஸிலும் மக்கள் எவ்வளவு அதிகமாகச் செத்துப்போகிறார்கள் என்பதைத் தென்கிழக்கோடு ஒப்பிட்டுக் காட்டியது அது. 1943-ல் இன்னொரு புத்தகம். நாட்டில் குழந்தை இறப்பு குறைகிறது என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த நேரம். ஒட்டுமொத்த எண் குறைந்தாலும், பணக்கார வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் இடையிலான இடைவெளி அகன்றிருக்கிறது என்று காட்டினார்.

மோசமான ரிஸ்க் உள்ளவர்களை ஒதுக்கச் சம்பளம் வாங்கியவர், அந்த ஆபத்தை அவர்கள் தலையில் வைத்தது யார் என்று துருவ ஆரம்பித்தார். அவருடைய கல்விப் பணி முழுவதையும் இந்த ஒரே நூலில் கோத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

டாடா கொடுத்த பணம்

அவர் போய்ச் சேர்ந்த துறைக்கும் ஒரு முன்கதை உண்டு. அதில் பம்பாய்க்கும் பங்கிருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகன் சர் ரத்தன் டாடா, வறுமையின் காரணங்களை ஆராய்வதற்காக லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 1,400 பவுண்டு கொடுக்க முன்வந்தார். 1912-ல் அந்தப் பணம் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு வந்தது. ரத்தன் டாடா அறக்கட்டளையின் இயக்குநராக 1913-ல் பொறுப்பேற்றவர் பொருளாதார வரலாற்றாசிரியர் ஆர்.எச்.டானி. சமூக அறிவியல் துறையில் அப்போது பாடம் எடுத்த இளைஞர்களில் ஒருவர் கிளமென்ட் அட்லி. ஆமாம், பிற்காலத்தில் இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டனின் பிரதமராக இருந்தாரே, அவர்தான். சமூகப் பணியாளர் பற்றி 1920-ல் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார்.

அந்தத் துறையோடு 1912-ல் வந்து இணைந்தது, அறக்கொடைச் சங்கம் ஒன்று நடத்திவந்த பயிற்சிப் பள்ளி. அந்தச் சங்கத்தின் வழக்கம், உதவி கேட்டு வரும் ஏழையை விசாரித்து, இவர் உதவத் தகுந்தவரா, தகாதவரா என்று முடிவு கட்டுவது. குடிப்பாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா, பொய் சொல்கிறாரா என்றெல்லாம் விசாரணை நடக்கும். சமூகப் பணி என்ற தொழிலின் வேர்களில் ஒன்று இந்த விசாரணைதான் என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்களே மறுக்க மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கட்டடங்களைத் தரம் பிரித்தவர், ஏழைகளைத் தரம் பிரித்த பாரம்பரியமுள்ள துறைக்கே தலைவராக வந்தார்.

வரும் வழியில் ஒரு போர் நடந்து முடிந்திருந்தது. 1942-ல் வரலாற்றாசிரியர் கீத் ஹேன்காக், போர்க்கால அரசு வரலாற்றை எழுதும் குழுவில் டிட்மஸைச் சேர்த்துக்கொண்டார். அதன் விளைவு 1950-ல் வெளியான தடித்த புத்தகம். குண்டு விழுந்தால் லட்சக்கணக்கானோருக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்திருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. 1939 செப்டம்பரில் சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மார்களும், நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வந்த குழந்தைகளின் தலையில் பேன், காலில் ஓட்டைச் செருப்பு, இரவில் படுக்கையை நனைக்கும் பயம். இப்படியும் நம் நாட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்று வசதியான வீட்டுக்காரர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். பள்ளியில் பாலும் மதிய உணவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது போர் நடந்துகொண்டிருந்தபோதுதான். போர் தந்த ஒற்றுமை உணர்விலிருந்து நல அரசு பிறந்தது என்ற டிட்மஸின் முடிவைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் நிறையவே குறைத்துவிட்டார்கள். பேன் பிடித்த பிள்ளையைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்தத் தாயைத் திட்டியவர்களும் இருந்தார்கள்.

நலம் யார் பைக்குப் போகிறது?

டிட்மஸின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1955-ல் பர்மிங்காமில் அவர் ஆற்றிய ஒரு சொற்பொழிவு. அந்தச் சமயத்தில் பிரிட்டனில் நல அரசு ஊதிப்போய்விட்டது, உழைப்பவன் வரிப்பணத்தில் சோம்பேறிகள் வாழ்கிறார்கள் என்ற புலம்பல் கிளம்பியிருந்தது. டிட்மஸ் அதை நேரடியாக மறுத்துக்கொண்டிருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். அரசு தரும் உதவித்தொகையும் மருத்துவமும் ஒரு பத்தி மட்டுமே. பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் இருக்கின்றன என்றார். ஒன்று, வரிச்சலுகை வழியாகப் போகும் நலம். மற்றது, வேலை வழியாகக் கிடைக்கும் நலம்: கம்பெனி ஓய்வூதியம், கார், சாப்பாடு, இன்னபிற.

ஒரு குழந்தைக்கு அரசு நேரடியாகப் படி கொடுத்தால் அது செலவு. அதே குழந்தைக்காகத் தந்தையின் வருமான வரியில் கழிவு கொடுத்தால் அது எந்தச் செலவுப் பட்டியலிலும் வராது. ஆனால் கஜானாவுக்கு இரண்டும் ஒன்றுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வரிக் கழிவில் அதிக வரி விகிதத்தில் இருக்கும் பணக்காரத் தந்தைக்கு அதிகப் பணம் மிச்சமாகும். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத தந்தைக்கு ஒரு காசு தேறாது. தேவை அதிகமுள்ளவருக்குக் குறைவாகவும் குறைவாக உள்ளவருக்கு அதிகமாகவும் தரும் ஒரு நலத்திட்டம். யாரும் அதை நலத்திட்டம் என்றே எண்ணவில்லை.

நமக்கு இது அந்நியமான விஷயமல்ல. ஏழை வீட்டு மிக்ஸியையும் கிரைண்டரையும் வைத்துத் தொலைக்காட்சியில் இரவெல்லாம் விவாதம் நடக்கிறது. 2022 ஜூலையில் பிரதமரே இலவசங்களை ‘ரேவடி’ கலாசாரம் என்று பேசினார். வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை பழைய வரி முறையில் கழிக்க முடிகிறதே, அதை யாரும் மேடையில் கேலி செய்வதில்லை. வரிச்சலுகைகளால் எவ்வளவு வருவாய் போகிறது என்ற அறிக்கையை மத்திய அரசு 2006-07 முதல் பட்ஜெட்டோடு சேர்த்து வெளியிடுகிறது. டிட்மஸ் திறந்த அந்த இரண்டாம் பத்தி இன்று நம் பட்ஜெட் ஆவணங்களில் இருக்கிறது. எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

பிரிட்டனில் படித்தார்கள். டிட்மஸின் சீடர்களான பிரையன் ஏபல்-ஸ்மித்தும் பீட்டர் டவுன்சென்டும், வறுமை ஒழிந்துவிட்டது என்று நாடே நம்பிக்கொண்டிருந்த 1965-ல், ஒழியவில்லை என்று எண்களோடு ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். அதை ஒட்டிப் பிறந்த இயக்கம், குழந்தைகளுக்கான வரிக் கழிவையும் நேரடிப் படியையும் ஒன்றாக்கச் சொல்லித் தொடர்ந்து மன்றாடியது. 1977-ல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுத் தாயின் கைக்குப் போகும் ஒரே குழந்தைப் படியாக மாறத் தொடங்கின. ஒரு சொற்பொழிவு நடைமுறைக்கு வர இருபத்திரண்டு ஆண்டுகள். கல்விப் புலத்தில் இது விரைவான பலன்தான்.

இன்னொரு பலன் அதைவிட விரைவாகக் கிடைத்தது. தேசிய மருத்துவச் சேவை நாட்டையே திவாலாக்கும் என்று பயந்த பழமைவாத அரசு 1953-ல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதற்காகக் கணக்குப் போட்டவர்கள் டிட்மஸும் ஏபல்-ஸ்மித்தும். தேசிய உற்பத்தியில் அந்தச் சேவைக்கான செலவு 3.75 சதவீதத்திலிருந்து 3.25 சதவீதமாகக் குறைந்திருந்ததை அவர்கள் காட்டினார்கள். 1956-ல் அறிக்கை வந்ததும் பேச்சு அடங்கியது.

டிட்மஸ் மொரீஷியஸுக்கும் போனார். மலேரியா ஒழிப்புக்குப் பிறகு அந்தத் தீவின் மக்கள்தொகை விறுவிறுவென ஏறிக்கொண்டிருந்தது. தமிழரும் பிகாரிகளும் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க் குடியேறிய ஊர் அது. குடும்ப நலத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் இணைக்கும் அறிக்கை 1961-ல் வெளியானது. அடுத்து டாங்கனிகாவின் மருத்துவச் சேவை பற்றி 1964-ல் ஒன்று. காலனி ஆட்சி விட்டுப்போகும் நேரத்தில் லண்டனிலிருந்து நிபுணர் விமானத்தில் வந்து இறங்குவது அந்தக் காலத்து வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி டிட்மஸ் அதிகம் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த மூன்று மாதிரிகள் அவர் இறந்தபின் 1974-ல் வெளியான நூலில் இருக்கின்றன. குடும்பமும் சந்தையும் கைவிட்டால் மட்டும் அரசு தற்காலிகமாகக் கைகொடுக்கும் முறை ஒன்று. உழைப்புக்கும் பதவிக்கும் ஏற்ப நலம் பங்கிடும் முறை இரண்டாவது. எல்லோருக்கும் பொதுவாக, தேவை பார்த்துப் பகிர்ந்தளிக்கும் முறை மூன்றாவது. 1990-ல் டென்மார்க்கின் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 18 பணக்கார நாடுகளின் தரவுகளை வைத்து நல முதலாளியத்தின் மூன்று உலகங்களை வகுத்தபோது, அடித்தளத்தில் டிட்மஸின் வரைபடம் இருந்தது. அந்த நூலை வைத்தே ஒப்பியல் நலக் கொள்கையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்திருக்கிறார்கள். நாடுகளை இந்தப் பெட்டியா அந்தப் பெட்டியா என்று அடுக்குவதிலேயே பாதி ஆயுள் போயிருக்கிறது என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எல்லோருக்கும் பொதுவான தளத்தை முதலில் போடு, அதன்மேல் நின்று ஏழைக்குக் கூடுதலாகக் கொடு என்பது டிட்மஸின் கட்சி. ஏழைக்கு மட்டும் தனிக் கடை வைத்தால் சரக்கும் மட்டமாகும், வருபவரின் தலையும் குனியும். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. அரிசி அட்டை, சர்க்கரை அட்டை என்று அவரவர் விருப்பத்துக்கு விட்டது. தாசில்தார் மனைவியும் கொத்தனார் மனைவியும் ஒரே கடையின் பதிவேட்டில் இருந்தார்கள். வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் விட்டுப்போய் வட மாநிலங்களில் எத்தனையோ ஏழைகள் அலைந்தபோது, இங்கே அந்தச் சண்டையே வரவில்லை. கோட்டைக் கிழித்தால்தானே அதற்கு வெளியே ஒருவர் விழ முடியும்?

ரத்தத்தின் விலை

1970-ல் டிட்மஸ் வெளியிட்ட புத்தகத்தின் பொருள் ரத்தம். சந்தைப் பொருளாதார ஆதரவாளர்கள் 1968-ல் லண்டனில் ஒரு சிறு வெளியீடு போட்டிருந்தார்கள். ரத்தத்துக்கு விலை வைத்தால் தட்டுப்பாடு தீரும் என்ற யோசனை அதில் இருந்தது. டிட்மஸ் நாடு நாடாக ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தார். ரத்தம் கொடுப்பவர்களை எட்டு வகையாகப் பிரித்தார். காசுக்கு விற்பவர், அதையே தொழிலாகச் செய்பவர், உறவினருக்கு ஏற்றிய ரத்தத்துக்கு ஈடு செய்பவர், சிறையிலும் ராணுவத்திலும் மறுக்க முடியாமல் கொடுப்பவர் என்று போய், எட்டாவதாக முகம் தெரியாத ஒருவருக்கு எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பவர். பிரிட்டனின் முறை இந்த எட்டாவது வகையை நம்பி நின்றது. 1967-ல் அங்கே சுமார் 3,800 கொடையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய வாதத்தின் கூர்மை ஒழுக்கத்தில் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அன்று ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. கொடுப்பவரின் வாய்ச்சொல்தான் பரிசோதனை. சும்மா கொடுக்க வந்தவருக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. அன்றைய சாராயத்துக்குக் காசு தேடி வந்தவர், போன வருஷம் மஞ்சள்காமாலை வந்தது என்று சொன்னால் வெறுங்கையோடு போக வேண்டும். அமெரிக்காவில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடையே கல்லீரல் அழற்சி அதிகமாக இருந்ததற்கு டிட்மஸ் சொன்ன காரணம் இதுதான். விலை வைத்ததும் உண்மை பேசுவது நஷ்டமாகிவிட்டது.

ஜப்பான் இதை ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. 1964-ல் அங்கே அமெரிக்கத் தூதர் எட்வின் ரைஷாவர் கத்தியால் குத்தப்பட்டார். உயிர் பிழைக்க ஏற்றிய ரத்தத்திலேயே கல்லீரல் நோய் வந்து சேர்ந்தது. விலைக்கு வாங்கும் முறையிலிருந்து தானத்துக்கு மாற அந்த நாட்டை உலுக்கியது அந்தச் சம்பவம். அமெரிக்காவில் டிட்மஸின் புத்தகம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1978-லிருந்து ரத்தப் பைகளில் இது காசு கொடுத்து வாங்கியதா, தானமா என்று லேபிள் ஒட்டுவது கட்டாயமானது.

எதிர்ப்பும் வந்தது. பொருளாதார அறிஞர் கென்னத் ஏரோ 1972-ல் கேட்டார்: சந்தை ஒன்று திறந்தால், தானம் செய்ய விரும்புபவரை அது எப்படித் தடுக்கும்? ஒரு வழியைக் கூட்டினால் சுதந்திரம் கூடத்தானே செய்யும்? அதே ஆண்டு அவருக்கு நோபல் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டிருக்கும்போது சும்மா கொடுப்பதன் பொருள் மாறிப்போகும் என்பது டிட்மஸ் தரப்பு. இதை வைத்து நடந்த பரிசோதனைகள் இன்றுவரை இரண்டு பக்கமும் சாட்சி சொல்கின்றன.

இந்தியாவில் அரசு மருத்துவமனைகளின் வாசலில் ரத்தம் விற்றுப் பிழைத்த கூட்டம் நம் முந்தைய தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் வாங்குவது நிறுத்தப்பட்டது. சட்டத்தில் நாம் எட்டாவது வகைக்கு வந்துவிட்டோம். நடைமுறையில் ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு யூனிட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாங்க என்று நர்ஸ் சொல்வதும், மைத்துனனும் அவன் நண்பனும் பைக்கில் வந்து இறங்குவதும், வாட்ஸ்ஆப் குழுக்களில் ஓ நெகட்டிவ் அவசரம் என்று செய்தி சுற்றுவதும் நடக்கின்றன. சொந்தபந்தம் அதிகமுள்ளவருக்கு ரத்தம் சீக்கிரம் கிடைக்கிறது. டிட்மஸின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது, எட்டாவதற்கு வெகு முன்னால்.

1973 ஏப்ரலில் டிட்மஸ் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். கடைசி நாட்களில் எழுதிய குறிப்பில், தனக்கும் டிரினிடாடிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்கும் ஒரே நேரத்தில் கதிர்வீச்சு சிகிச்சை இருந்ததையும், யார் முதலில் உள்ளே போவது என்பதை லண்டன் போக்குவரத்து நெரிசலே தீர்மானித்தது என்பதையும் பதிவு செய்திருக்கிறார். நிறமோ பதவியோ தீர்மானிக்கவில்லை.

அதே ஆண்டில்தான் பிரிட்டன், ரத்தம் உறையாத நோயாளிகளுக்காக வெளிநாட்டிலிருந்து ‘ஃபேக்டர் எட்டு’ மருந்தை இறக்குமதி செய்ய உரிமம் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கொட்டிச் செய்யும் மருந்து அது. அமெரிக்கச் சரக்கில் காசு வாங்கியவர்களின் பிளாஸ்மாவும் சிறைக் கைதிகளின் பிளாஸ்மாவும் கலந்திருந்தன. ஒருவருக்கு நோய் இருந்தால் மொத்தத் தொகுதிக்கும் நோய். 2024 மே மாதம் வெளியான விசாரணை ஆணைய அறிக்கைப்படி, ரத்தம் வழியாகவும் ரத்தப் பொருட்கள் வழியாகவும் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் தொற்றுகள் பரவின. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். டிட்மஸ் எச்சரித்தது நடந்துவிட்டது என்று இதை அவர் பக்கத்து வெற்றியாக எழுதுபவர்கள் உண்டு. பாதிதான் சரி. தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது வந்தது பிரிட்டிஷ் மக்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து. பரிசோதனைகளைக் கொண்டுவருவதில் தாமதம், எச்சரிக்கைகளைத் தள்ளிவிட்ட மருத்துவர்கள், பிறகு மூடி மறைத்த அதிகாரிகள் என்று ஆணையம் அடுக்கியது. கொடுப்பவரின் நல்லெண்ணத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியவர், அதை வாங்கிப் பத்திரப்படுத்தும் அரசு நிறுவனத்தை அளவுக்கு மீறி நம்பினார்.

விட்டுப்போன பத்தி

நம்பாமல் விட்டது யாரை என்றும் கேட்க வேண்டும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அவர் துறைத்தலைவராக வந்தபோது, சமூகப் பணிப் பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் முக்கியமானவர் ஐலீன் யங்ஹஸ்பண்ட். 1904-ல் திபெத் மீது படையெடுத்துப் போன பிரான்சிஸ் யங்ஹஸ்பண்டின் மகள். மனநலம், மருத்துவமனை, குழந்தைகள் என்று தனித்தனியாக நடந்த பயிற்சிகளுக்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே படிப்பை, கார்னகி அறக்கட்டளையின் பணத்தோடு 1954-ல் தொடங்கினார். பழைய படிப்புகளை என்ன செய்வது, பொறுப்பு யாருக்கு என்று துறைக்குள் மோதல் முற்றியது. டிட்மஸ் யங்ஹஸ்பண்ட் பக்கம் நிற்கவில்லை. 1950-களின் முடிவுக்குள் யங்ஹஸ்பண்ட் வெளியேறினார். சமூகப் பணியாளர்களின் பயிற்சி பற்றி அவர் தலைமையில் வந்த 1959 அறிக்கைதான் பிரிட்டனில் அந்தத் தொழிலின் உருவத்தையே தீர்மானித்தது.

இந்தக் கதையை விரிவாக எழுதியவர் டிட்மஸின் மகள் ஆன் ஓக்லி. களத்தில் இறங்கிக் குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணி பெண்களுக்கு, கொள்கை வகுக்கும் மேசை ஆண்களுக்கு என்ற பாகப்பிரிவினையை அப்பாவின் துறையிலேயே அவர் பார்த்தார். 2014-ல் வெளியான ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ நூலில் அப்பாவின் மீது பாசமும் இருக்கிறது, விசாரணையும் இருக்கிறது. அதற்கு முன்பே, அப்பா இறந்த அடுத்த ஆண்டில், ஓக்லி வீட்டுவேலை பற்றிய தன் ஆய்வை வெளியிட்டிருந்தார். லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் பேசிக் கணக்கெடுத்ததில், வாரத்துக்குச் சராசரி 77 மணி நேரம் வேலை. டிட்மஸின் மூன்று பத்திகளில் எதிலும் இந்த மணி நேரங்களுக்கு இடமில்லை. எஸ்பிங்-ஆண்டர்சனின் மூன்று உலகங்களிலும் முதலில் இல்லை. பெண்ணிய ஆய்வாளர்கள் பிடித்து உலுக்கிய பிறகு 1999-ல்தான் குடும்பத்தைத் தன் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, வீட்டில் பெண் செய்யும் வேலைக்கான அங்கீகாரம் என்றே அறிவிக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. ஓக்லி எண்ணிய மணி நேரத்துக்கு ஓர் அரசு காசு கொடுக்க முன்வந்திருக்கிறது. ரேஷனில் கோடு கிழிக்காத மாநிலம் இதில் கிழித்தது: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். நிதி நிலைமை அப்படி என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் அடுப்படி வேலைக்கான தொகை என்றால், 3,601-வது யூனிட் எரிந்த வீட்டிலும் யாரோ ஒருத்தி சமைத்துக்கொண்டுதானே இருக்கிறாள்?